பிரிக்காமல் வைத்திருந்த விடைத்தாள்

மாதிரித் தேர்வு விடைத்தாளை நான்காக மடித்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகி வைத்திருந்தேன். 18 நாள் பிரிக்கவே இல்லை. 100க்கு 31 என்பது முன்பே தெரியும். எங்கே, எப்படித் தப்பு விட்டேன் என்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

அந்த நாட்களில் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. தெரிந்த பாடங்களையே மறுபடி மறுபடி படித்தேன். கால அட்டவணையை மூன்று முறை மாற்றி எழுதினேன். நுண்கணிதம் கண்ணில் பட்டால் மட்டும் அடிவயிறு இறுகும், பக்கத்தைப் புரட்டிவிடுவேன். புரட்டியதும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் ஆபத்து, அதற்காகவே அடுத்த முறையும் புரட்டுவோம். படிப்பைத் தள்ளிப்போடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பல நேரம் அவர் வெட்கத்துக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் இரவு, ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், எதையும் திருத்த வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு பிரித்தேன். முகம் சூடேறியது, தொண்டை அடைத்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தணிந்தது. அப்புறம்தான் சிவப்பு மை கண்ணுக்குத் தெரிந்தது. நுண்கணிதத்தின் ஒரு பகுதியான தொகையிடலில் விட்ட ஆறு தப்பில் நான்கு ஒரே தப்பு: மாறியை மாற்றிவிட்டு, அதற்கேற்ப எல்லைகளை, அதாவது தொடக்க, முடிவு எண்களை, மாற்ற மறந்திருந்தேன். 18 நாள் நான் பயந்தது இதற்கா!

உங்களுக்கும் அப்படி ஒரு தாள் இருந்தால், பிரிப்பதற்கு முன் மனதில் ஓடுவதை எழுதுங்கள். ‘டென்ஷன்’ என்று பொதுவாக வேண்டாம். ‘அப்பா கேட்டால் என்ன சொல்வேன்’ என்பது போல உள்ளது உள்ளபடி எழுதுங்கள். 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் உளவியல் ஆய்வாளர்கள் ராமிரெஸ், பைலாக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் கவலையை எழுதியவர்கள், அதிலும் தேர்வுப் பயம் மிகுந்தவர்கள், கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன், எனக்கு உதவியது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால் மட்டும் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

இறுதித் தேர்வில் மூன்றாம் கேள்வியே தொகையிடல். அடிவயிறு பழையபடி இறுகியது. சரி, இறுகட்டும் என்று விட்டுவிட்டு, முதல் வேலையாக எல்லைகளை மாற்றி எழுதினேன்.