இடுப்பு என்றால் எந்த இடுப்பு?

பிசியோதெரபி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலது முழங்கால் வலி என்று ஓர் அம்மா வந்தார். முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் உட்பக்கமாகத் தடவிக் காட்டினார். நானும் மெழுகு ஒத்தடம் கொடுத்து, தொடையின் முன்பக்கமுள்ள குவாட்ரிசெப்ஸ் தசைக்குப் பயிற்சி சொல்லித் தந்தேன். மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை. முழங்கால் எக்ஸ்ரேயில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

என் சீனியர் ஒருநாள் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளித் தொடையை உள்ளே சுழற்றினார். அந்த அம்மா துடித்துப்போனார். "முழங்கால் நல்லாத்தான் இருக்கு தம்பி. மேல பந்து தேய்ஞ்சிருக்கு" என்றார் சீனியர். இடுப்பு மூட்டில் உட்காரும் தொடை எலும்பின் உருண்டைத் தலையைத்தான் பந்து என்றார். அடுத்து எடுத்த எக்ஸ்ரேயும் அதையேதான் சொன்னது.

இடுப்பு மூட்டுக்குக் கிளை விடும் அதே ஆப்டுரேட்டர் நரம்பு முழங்காலுக்கும் ஒரு கிளை அனுப்புகிறது. மேலே உள்ள வலி கீழே தெரியும். தேர்வில் இந்த நரம்பைப் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்!

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. இடுப்பு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் தொடுவது முதுகின் அடிப்பகுதியை. சிலர் புட்டத்தின் பக்கவாட்டைக் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்தோமே, அது கெட்டால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வரும். கவட்டியில் வலிக்கிறது என்று சொல்ல, அதுவும் என் போன்ற பையனிடம் சொல்ல, யாருக்குத்தான் கூச்சம் இருக்காது? அதனால் இப்போதெல்லாம் "சம்மணம் போட முடியுதா? செருப்பு வாரை மாட்ட முடியுதா?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். இந்த மூட்டு கெட்டால் முதலில் குறைவது தொடையின் சுழற்சிதான். சம்மணம் என்றதும் சார்ட்டோரியஸ் தசை நினைவுக்கு வரும். இடுப்பு எலும்பின் முன்முனையில் தொடங்கி, தொடையைக் குறுக்காகக் கடந்து முழங்காலின் உட்புறம் இறங்கும், உடம்பிலேயே நீளமான தசை. லத்தீனில் சார்ட்டர் என்றால் தையற்காரர். அவர்கள் சம்மணமிட்டுத் தைத்ததால் வந்த பெயர் என்பார்கள்.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். கம்பு ஊன்றச் சொன்னோம். வலது காலில்தானே வலி என்று வலது கையில் பிடித்தார். எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். இடது கைக்கு மாற்றச் சொன்னால், இவனுக்கு ஒன்றும் தெரியாது போல என்று ஒரு பார்வை.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். வலது காலில் நின்றால் உடல் எடை இடுப்பை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். சாயாமல் இழுத்துப் பிடிப்பது வலப்புறப் புட்டத்தில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ். பந்துக்கு மிக அருகில் நின்று இழுப்பதால் அது உடல் எடையைவிட அதிகமாகவே இழுக்க வேண்டியிருக்கிறது. எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டில் விழும் பாரம், உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை, மூன்று மடங்கு. இந்தத் தசை தளர்ந்தால் எதிர்ப்பக்க இடுப்பு இறங்கிவிடும் என்பதை 1895இல் விளக்கியவர் ஜெர்மன் அறுவை மருத்துவர் ட்ரெண்டலன்பர்க். இடது கைக் கம்பு அந்தப் பந்திலிருந்து தூரத்தில் ஊன்றுவதால், லேசாக அழுத்தினாலே இந்தத் தசையின் வேலை வெகுவாகக் குறைகிறது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேனா? சொன்னேன், படம்கூட வரைந்தேன். தலையாட்டிவிட்டுக் கம்பை மறுபடி வலது கைக்கு மாற்றிக்கொண்டார். கடைசியில், "இடது கையில கம்பு, வலது கையில உங்க பை. பத்தடி நடங்கம்மா" என்றேன். நடந்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

சில மாதம் கழித்து வந்தவர் கம்பைச் சரியாகத்தான் பிடித்திருந்தார். கூடவே மருமகளையும் அழைத்து வந்திருந்தார். "வலிக்கிற பக்கம் புடிங்கன்னு தினம் சண்டை போடுறா. அந்தப் படத்தை இவளுக்குப் போட்டுக் காட்டுங்க தம்பி."