வாலின் நுனி

நேற்றிரவு சத்துவாச்சாரியில், அக்கா மகன் வளர்க்கும் சிறுத்தைப் பல்லியின் (லெப்பர்ட் கெக்கோ) முன்னால் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியை விட்டதும், பல்லியின் வாலின் நுனி மட்டும் மெல்ல நெளியத் தொடங்கியது.

உடல் அசையவில்லை. இமைகளை ஒருமுறை மூடித் திறந்து (நம் வீட்டுச் சுவர்ப்பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது), தலையைத் தாழ்த்தி, ஒரே பாய்ச்சலில் கவ்வியது.

பாக்கெட்டில் வாங்கிய உலர்ந்த புழுக்களை மூன்று நாட்களாக அது திரும்பியும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் பூச்சி வளர்க்க அக்கா தயங்கியது எனக்குப் புரிகிறது. ஆனால் அசைவைக் கண்டு வேட்டையாடும் பிராணிக்கு, அசையாத தீனி பெரும்பாலும் இரையாகவே தோன்றுவதில்லை. உலர்த்தும்போது இரையின் ஈரமும் போய்விடுகிறது.

உயிருள்ள பூச்சியை அப்படியே போட்டாலும் போதாது. பெரும்பாலான பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு என்பதால், முந்தைய நாளே அவற்றுக்குக் கீரையும் கேரட்டும் கொடுத்து, கால்சியம் பொடியில் புரட்டித் தராவிட்டால், பல்லியின் எலும்புகள் நாளடைவில் மென்மையாகி வளைந்துவிடும். பூச்சியின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக்கூடாது. மிஞ்சியவற்றை எடுத்துவிட வேண்டும். இரவில் அவை பல்லியையே கடிக்கக்கூடும்.

தெருவிளக்கடியில் பிடித்துவரலாமா என்று பையன் கேட்டான். பூச்சிமருந்து பட்டவையாக இருக்கலாம், வேண்டாம் என்றேன்.

இன்று காலை, சுவர்க்கோழிப் பெட்டிக்குள் கேரட் துண்டுகளைப் போட்டவர் அக்காதான்.