அக்கா அங்கேதான் இருக்கிறாள் என்பதற்கு என்ன ஆதாரம்?

15 பாயிண்ட் என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். குடியேற விரும்புகிறவர்களுக்குப் பாயிண்ட் போட்டு, அதிகம் எடுத்தவர்களை விண்ணப்பிக்க அழைக்கிற கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் மொத்தம் 1200. கூடப்பிறந்தவர் ஒருவர் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியோ குடியுரிமை வாங்கியோ அந்த நாட்டில் வசித்தால் 15 சேரும். 2017 ஜூனில் வந்த ஏற்பாடு இது. இன்னொரு பக்கம், 29 வயது தாண்டிவிட்டால் நாற்பது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து, ஆறு என்று குறைந்துகொண்டே போகும். அப்படிப் பார்த்தால் அங்கே ஓர் அக்கா இருப்பது மூன்று வயதைக் குறைத்துக்கொள்வதற்குச் சமம். 490ல் தொங்கிக்கொண்டிருக்கிற பையனுக்கு அந்த 15 எவ்வளவு பெரிசு என்பது எங்கள் ஆபீஸ் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

ஆபீஸ் பாளையங்கோட்டையில். தமிழ்ச் சான்றிதழ்களை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பது, அபிடவிட் அடிப்பது, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது, இதுதான் தொழில். விண்ணப்பம் நிரப்பித் தருவதில்லை. காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்ய அங்கே உரிமம் பெற்ற கன்சல்டன்ட்டோ வக்கீலோதான் வேண்டும். வள்ளியூரிலும் தென்காசியிலும் போர்டு மாட்டியிருக்கிற எல்லாரிடமும் அந்த உரிமம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும், அதை எப்படி இங்கிலீஷில் வைப்பது என்பதோடு என் வேலை முடிகிறது. முடிகிறது என்று நானும் பல வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, யார் இருக்கிறார்கள் என்று.

"அண்ணன் இருக்கான்க்கா. டொரன்டோல."

"கூடப்பிறந்த அண்ணனா?"

"பெரியப்பா மவன். ஒரே வீட்டுலதான் வளந்தோம். ரேஷன் கார்டே ஒண்ணுதான்."

ஒரே ரேஷன் கார்டாக இருந்தாலும் பெரியப்பா மகனுக்குக் கனடாவில் பாயிண்ட் கிடையாது. அம்மாவோ அப்பாவோ பொதுவாக இருக்க வேண்டும். மனைவியின் கூடப்பிறந்தவர் என்றால் சரி, மனைவியும் விண்ணப்பத்தில் இருப்பதால். சித்தி, மாமா, அத்தை கதை வேறு. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் நுழைவதற்கே தொழில்திறனாளர் திட்டத்தில் 100க்கு 67 எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் சித்திக்கு 5 உண்டு. தரவரிசையின் 15ல் சித்திக்கு இடமில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வராதவர்கள் குறைவு.

ஆள் சரி என்றானதும் உறவுக்கான காகிதம். இது நம்ம ஊர் வேலை, எனக்குப் பிடித்த வேலையும்கூட. அக்கா தம்பி இருவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது. தம்பியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் நிற்கும். அக்காவின் பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர். வெளியே இருந்து பார்க்கிற அதிகாரிக்கு இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள். ஆகவே எல்லாமே பிறப்புச் சான்றிதழில் இருக்கிற அப்பா, அம்மா பெயரில்தான் நிற்கிறது. அந்தப் பெயர் ஒன்றில் சாதிப் பட்டத்தோடு இருக்கும், இன்னொன்றில் மொட்டையாக இருக்கும். இசக்கியம்மாள் ஒரு சான்றிதழில் இங்கிலீஷ் 'I' எழுத்தில் தொடங்குவாள், அடுத்ததில் 'E' எழுத்தில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஓர் அபிடவிட்.

சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பங்கள் வந்தால் இன்னொரு வேடிக்கை. ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கு மூன்று மாவட்டம். 1986க்கு முன் வாங்கிய மூத்தவள் சான்றிதழில் திருநெல்வேலி. 1997 வரை இந்த மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் என்று பெயர் இருந்ததால் நடுவில் உள்ளவனுக்கு அது. கடைக்குட்டி 2019 நவம்பருக்குப் பிறகு புதிதாக எடுத்திருந்தால் தென்காசி. குடும்பம் ஒரு தெரு கூட மாறவில்லை. இதையும் அபிடவிட்டில் நாலு வரி எழுதி விளக்கிவிடுவேன்.

சான்றிதழே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இடையன்குடி, சாயர்புரம் பக்கத்து சபைகளில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் அழகாக எழுதியிருக்கும். அப்பா காலமாகியிருந்தால் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் துணைக்கு வரும். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே தாளில், வரிசையாக, முத்திரையோடு. சொத்துத் தகராறில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளப் போனவர்கள்கூட அந்தத் தாளில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருப்பார்கள். அக்கா கனடாக் குடிமகள் ஆகிவிட்டிருந்தால், ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்த பழைய இந்திய பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கச் சொல்வேன். கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் இருக்கும். தமிழில் உள்ளதை மொழிபெயர்க்கும்போது ஒன்று: விண்ணப்பிக்கிறவரின் சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது. ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியாரான அப்பாக்கள் இதைக் கேட்டு ரொம்ப வருத்தப்படுவார்கள். என்னைவிட நன்றாகவே சிலர் எழுதியும் இருப்பார்கள்.

இவ்வளவு அலைச்சலும் உறவை நிரூபிக்க. இதில் ஒரு நிம்மதி, தேவையான எல்லாம் இங்கேயே ஏதோ ஒரு பீரோவிலோ ரிக்கார்டு ரூமிலோ இருக்கிறது. தேடினால் கிடைக்கும், யாருடைய தயவும் வேண்டாம். அடுத்தது அப்படி இல்லை. அக்கா இப்போது, இந்த மாதம், அங்கே குடியிருக்கிறாள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். பி.ஆர். கார்டு அதற்குப் போதாது. கார்டு அவளுக்கு என்ன அந்தஸ்து என்றுதான் சொல்லும், எங்கே இருக்கிறாள் என்று சொல்லாது. வீட்டு வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரித் துறையின் கணக்கு அறிக்கை, இப்படி அவள் பெயரும் முகவரியும் சமீபத்திய தேதியும் உள்ள காகிதங்கள். ஒன்று போதாது, இரண்டு மூன்று இருந்தால் நல்லது. இதெல்லாம் அவளுடைய அந்தரங்கம். அவள் மனசு வைத்தால்தான் வரும்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன். மெக்கானிக்கல் படித்து கோயம்புத்தூரில் வேலை. அக்கா டொரன்டோ பக்கத்து பிராம்ப்டனில். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது, வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அபிடவிட் எல்லாம் தயார். அக்காவிடமிருந்து பி.ஆர். கார்டைத் தவிர ஒன்றும் வரவில்லை. "அனுப்புதேன் அனுப்புதேங்கா, அனுப்ப மாட்டேங்கா" என்று புலம்பினான். நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன் என்றேன்.

இங்கே ராத்திரி எட்டரை, அங்கே காலை பதினொன்று. எடுத்தாள். வீடு மாப்பிள்ளை பெயரில். கரண்ட், கேஸ், இன்டர்நெட் எல்லாம் அவர் பெயரில். போன்கூட அவருடைய ஃபேமிலி பிளானில் ஒரு நம்பர். இவள் பெயரில் வருகிற காகிதம் என்று பார்த்தால் பேங்க் ஸ்டேட்மென்ட், வரி அறிக்கை, அவ்வளவுதான். லைசென்ஸ் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எக்கா, அந்த வரிப் பேப்பர்ல நான் வருசத்துக்கு எவ்வளவு சம்பாதிச்சேன்னு இருக்கும்லா?"

"இருக்கும்."

"அதை மறைச்சி அனுப்பலாமா?"

அரைகுறையாக மறைத்த காகிதம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், அதைவிட வேறு காகிதம் தேடுவது நல்லது என்றேன். வேலை செய்கிற இடத்தில் முகவரியோடு ஒரு லெட்டர் கேட்கலாமே என்றேன். அது ஏஜென்சி மூலம் போகிற வேர்ஹவுஸ் வேலை, லெட்டர் கேட்டால் ஆகாது என்றாள். ஊரில் அவள் ஆபீசில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படியே விட்டிருந்தாள்.

கடைசியில் வரி அறிக்கையைத்தான் அனுப்பினாள், நேரே தம்பிக்கு. அவன் அதை என் மேஜையில் வைத்தபோது முகவரியைச் சரிபார்க்கிற சாக்கில் தொகையும் என் கண்ணில் பட்டது. அவன் அதை ஏற்கெனவே பார்த்திருந்தான். "போன மாசம் வீட்டுக்கு ஏசி வாங்க அவகிட்டதான் கேட்டிருந்தோம்க்கா," என்றான். அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டாம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவனே கேட்டான். போனில் சொல்லாமல் விட்ட ஒரு கிரெடிட் கார்டு அவள் பெயரில் இருந்தது. அதன் மாதக் கணக்கை வைத்தோம்.

குடியிருப்பு ஆதாரம் வராமல் இழுபறியாகிற இடங்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான். "பொறாமை, தம்பி வந்துரக் கூடாதுன்னு நினைக்கா" என்று அம்மாக்கள் என் முன்னாலேயே மகளைத் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியது அபூர்வம். பேஸ்மென்ட்டில் நாலு பேரோடு தங்கி, கையில் காசாக வாடகை கொடுக்கிற அண்ணன் வாடகை ஒப்பந்தத்துக்கு எங்கே போவான்? ஓனர் எழுதித் தர மாட்டார். அவனுக்கு வெட்கம், அதனால் போனை எடுக்க மாட்டான். சம்பளச் சீட்டு, போன் பில், லைசென்ஸ் இவை போதும்டா என்று சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவான்.

உண்மையிலேயே அங்கே இல்லாதவர்களும் உண்டு. நாங்குநேரிக்காரர் ஒருவர், ரிட்டயர்டு ஆள், இளைய மகனுக்காக வந்தார். மூத்தவனிடம் செல்லுபடியாகிற பி.ஆர். கார்டு இருக்கிறது, ஆனால் ஆள் துபாயில் வேலை பார்க்கிறான். ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆரைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அந்தக் கணக்கை அவன் சரியாகத்தான் வைத்திருந்தான். ஆனால் தம்பிக்குப் பாயிண்ட் வேண்டுமானால் இப்போது அங்கே வசிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. பெரியவருக்கு இது ஏறவில்லை.

"அங்கன அவன் கூட்டாளி வீடு இருக்கு. வாடகைக்கு இருக்கான்னு ஒரு பேப்பர் எழுதி வாங்கிக்கிடுதோம். எல்லாரும் பண்ணுதாங்கல்லா?"

"பண்ணுதாங்க அண்ணாச்சி. மாட்டுனா ஐஞ்சு வருசம் உங்க மவன் விண்ணப்பமே போட முடியாது. 15ஐ விட்டுட்டுப் போட்டா இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்குக் கிடைக்கும்."

எழுந்து போய்விட்டார். வேறு யாரிடமாவது போயிருப்பார். நான் அந்த 15ஐ விட்டுவிட்டு இங்கிலீஷ் பரீட்சையை இன்னொரு முறை எழுதச் சொல்கிற கட்சி. பெரும்பாலானவர்களுக்கு அதில்தான் பாயிண்ட் புதைந்து கிடக்கிறது. ஆனால் பையன்களுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அக்காவிடம் கெஞ்சுவது சுலபமாகத் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே குடியிருப்பைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். உறவுக் காகிதத்தை முன்கூட்டியே எடுத்து வைத்தால் கெட்டுப்போகாது. குடியிருப்புக் காகிதம் ஆறிப்போகும்; அழைப்பு வந்த பிறகு புதிதாகக் கேட்க வேண்டும், அதனால் இரண்டு தடவை தொந்தரவு என்று முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். அக்காவுக்கு அனுப்பத் தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். இவற்றில் ஏதாவது இரண்டு போதும், வருமானம் தெரிகிற காகிதம் கட்டாயமில்லை என்று அதில் முதல் வரியிலேயே இருக்கும். தம்பி கேட்டால் வராத காகிதம் அந்தக் குறிப்புக்கு வந்துவிடுகிறது.

அந்தக் குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, போன வாரம் ஒரு களக்காட்டுப் பையனை அழைத்து வந்தது. அவனுக்கு ஆஸ்திரேலியா. அங்கே பெரிய நகரங்களுக்கு வெளியே குடியேறுகிறவர்களுக்கான 491 விசாவில் சொந்தக்காரர் ஸ்பான்சர் செய்தால் அதற்கும் 15 பாயிண்ட். கனடாவில் கணக்கிலேயே வராத பெரியப்பா மகன் ஆஸ்திரேலியாவில் செல்லுவான். ஆனால் அந்தச் சொந்தக்காரர் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதியில் குடியிருக்க வேண்டும். இவன் பெரியப்பா மகன் இருப்பது மெல்போர்னில். ஜீலாங் கணக்கில் வருமா என்று கேட்டான். வரும் என்றேன். என் முன்னாலேயே போனைப் போட்டு, "எண்ணே, நீ ஜீலாங்குக்கு வீடு மாத்தப் போறேன்னு சொன்னியே, எப்ப?" என்றான். மகள் பள்ளிக்கூட வருசம் முடியட்டும் என்று அந்தப் பக்கம் பதில். மாறினால் அங்கத்திய பில்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் இரண்டு அப்பாக்களும் கூடப்பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். தாத்தாவின் வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டில் தேடச் சொல்லியிருக்கிறேன்.