ஆர்மரி கேட்டுக்கு உள்ளே

திருச்சி பொன்மலையில் வளர்ந்தவர்களுக்குக் கடிகாரம் வேண்டாம், சங்கு போதும். ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் அப்பா சட்டையை மாட்டுவார், சாயங்காலம் ஊதினால் அம்மா காபிக்குப் பால் வைப்பாள். ஆனால் அந்த மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று இருபத்தாறு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ஒர்க்‌ஷாப் இது. அதோடு கூடவே வந்தவர் அப்பாவின் தாத்தா. இத்தனை தலைமுறையில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருத்தர்கூட உள்ளே போனதில்லை.

போகக் கூடாது என்றெல்லாம் இல்லை. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள், பாதி ஊர் போய்விட்டு வரும். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் சுண்டலும் வடையும் தலைக்கு மேல் வேலை. அப்பாவைக் கேட்டால் "அங்க என்ன இருக்கு, இரும்புதான்" என்பார். அவர் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய ஆயுத பூஜைக்கு, இதை விட்டால் எப்போதுமில்லை என்று பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து நின்றேன்.

முதல் நாள் ராத்திரியே உத்தரவுகள் ஆரம்பித்தன. ஹீல்ஸ் கூடாது. துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொள்ள வேண்டும். எதையும் தொடக் கூடாது. "நான் நில்லுன்னா நிக்கணும், ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம்." வீட்டில் ரிமோட்டைக்கூடத் தேடாத மனிதர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, காலையில் அரக்குப் பட்டுப் புடவையில் வந்து நின்றாள். பூஜைக்குப் போகிறோமாம்.

ஆர்மரி கேட்டில் நல்ல வரிசை. அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், எங்களை எண்ணினார்கள், விட்டார்கள். அவ்வளவுதான்.

உள்ளே முதலில் வந்தது வாசனை. டீசல், புது பெயின்ட், அதற்கு மேல் ஊதுவத்தி. எல்லா மிஷினுக்கும் சந்தனப்பொட்டு, வாழைக்கன்று, கலர் காகிதத் தோரணம். லேத் மிஷினுக்கு யாரோ வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். அம்மா அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அப்பாவின் வேலை கிரேனுக்குக் கீழே. கலாசியாகச் சேர்ந்தவர். தூக்க வேண்டியதற்கு ஸ்லிங் என்கிற தூக்கு வடம் மாட்டுவதும், மேலே கேபினில் இருக்கும் டிரைவருக்குச் சைகை காட்டுவதும்தான் அவர் தொழில். இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. எங்கள் வீட்டில் பரணிலிருந்து எதை இறக்கினாலும் அப்பா "ஆரியா... ஆரியா..." என்பார். மெதுவாக இறக்கு என்று அர்த்தம். உலகமே அப்படித்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் டிரங்குப் பெட்டியை இறக்கும்போது நான் "ஆரியா" என்று கத்த, கூட இருந்தவர்கள் நடிகரைத் தேடினார்கள். கப்பல் கலாசிகள் போர்ச்சுகீசியரிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் என்று ரொம்பப் பின்னால்தான் படித்தேன்.

அன்றைக்குக் கிரேன் கொக்கிக்கும் பூஜை. கொக்கி மேலே கூரையோரம் இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்று, வலது கையின் ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். கொக்கி இறங்க ஆரம்பித்தது. என் இடுப்பு உயரம் இருக்கும் அது. பக்கத்தில் நாதஸ்வரம், பிள்ளைகள் கூச்சல், மேலே இருப்பவருக்கு ஒரு சொல் கேட்காது. ஆனாலும் அப்பாவின் உதடு "ஆரியா, ஆரியா" என்றுதான் முணுமுணுத்தது. மார்புக்கு ஒரு சாண் முன்னால் உள்ளங்கையை விரித்தார். நின்றது. ஆடக்கூட இல்லை. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, விரலை மேலே காட்டி அனுப்பிவைத்தார். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாயைத் திறக்காமல் விரலைக் காட்டுகிறாரே என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெட்டின் அடுத்த பகுதியில் ஒரு டீசல் எஞ்சின், மேல் கூடு கழற்றி, பதினாறு சிலிண்டரும் தெரிய நின்றது. முழு எஞ்சின் நூற்றுப் பத்து டன்னுக்கு மேல். அதைத் தூக்க இரண்டு கிரேன், ஆளுக்கொரு முனை, இரண்டும் ஒரே சீராக ஏற வேண்டும். "ஒண்ணு முந்திடுச்சுன்னா?" என்று கேட்டேன். "வா, ஊட்டி வண்டி பாக்கலாம்" என்றார்.

ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின் அங்கே ரிப்பேருக்கு வந்திருந்தது. எருமைகளுக்கு நடுவே கன்றுக்குட்டி மாதிரி. இந்த ரக எஞ்சின்களைப் பொன்மலையில் புதிதாகவே செய்திருக்கிறார்கள் என்று சொல்லும்போது அப்பாவின் குரல் கொஞ்சம் ஏறியது. கீழே குனியச் சொன்னார். சக்கரங்களுக்கு நடுவே பெரிய பல்சக்கரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த பட்டை போட்டிருக்கும், இது அதைக் கடித்துக் கடித்து ஏறும். பன்னிரண்டு அடி போனால் கிட்டத்தட்ட ஓரடி உயரும் ஏற்றம். சிலிண்டர் நாலு. சமதளத்தில் இரண்டு போதும். மலை ஏறும்போது அந்த இரண்டிலும் வேலை பார்த்த நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்றுவார்கள். "உங்கம்மா பழைய குழம்ப சுண்ட வைக்கிற மாதிரி" என்றார்.

அதைக் கேட்டுத் திரும்பிய வேகத்தில்தான் அம்மாவின் புடவைக் கரை கிரீஸில் பட்டது. கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. "தேய்க்காத, பரவும்" என்று சொல்லிவிட்டு அப்பா ஓடிப்போய், பூஜைத் தட்டிலிருந்து ஒரு கை திருநீற்றை அள்ளி வந்து அதன் மேல் அப்பினார். எண்ணெயை அது இழுத்துக்கொள்ளுமாம். பாதி இழுத்துக்கொண்டது.

கடைசியாக, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்று அம்மா கேட்டாள். ஒரு தூணோரம், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி, மேலே பழைய பேப்பர். முப்பது வருஷத்துக்கு மேல் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு வந்து சேர்ந்த இடம். அம்மா பேப்பரை நகர்த்திப் பெட்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்தாலும் போகாத அழுக்கு. பொரிப் பொட்டலத்தோடு வந்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர், "அண்ணி, செவ்வாய்க்கிழமை வெண்டைக்காய்க்கு அடிமை நான். ஒரு நாள் அண்ணன தொட விட்டதில்ல" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே கிரேனைப் பார்த்தார்.

கேட்டைத் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா கேட்டாள்: "எத்தன வருஷமா?"

"பிடிக்காதுன்னு இல்ல..." என்று ஆரம்பித்தார் அப்பா.

அடுத்த செவ்வாய்க்கிழமை டிபன் கேரியரில் ஒரு அடுக்கு கூடியிருந்தது. மேல் அடுக்கில் வாழைக்காய் வறுவல் அப்பாவுக்கு, கீழ் அடுக்கில் வெண்டைக்காய் சிநேகிதருக்கு. ரிட்டயர் ஆகும் நாள் வரை அப்படித்தான் போனது.