போர் தண்ணீரில் கழுவிய காரை எப்படி உலர்த்துவது?

கழுவிய கார் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக வட்டம் தெரிந்தால் பலரும் ஷாம்பூவைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அது தண்ணீரின் வேலை. சென்னையில் வேளச்சேரி, ஓ.எம்.ஆர். பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1000 மில்லிகிராமைத் தாண்டும். துளியில் இருக்கும் நீர் ஆவியாகிப் போகும். கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே உட்கார்ந்துவிடும். புதுக் கறையை அன்றைக்கே எடுத்துவிடலாம். வெயிலில் நாள்கணக்கில் காய விட்டால் கிளியர் கோட்டை, அதாவது பெயின்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சை, அரித்துப் பள்ளம் போட்டுவிடும். அதற்கப்புறம் பாலிஷ்தான்.

அதனால் எந்தத் துணி நல்லது என்று யோசிப்பதற்கு முன்னால் கடைசி அலசல் எந்தத் தண்ணீரில் என்று பாருங்கள். முழுக் காரையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியதில்லை. போர் தண்ணீரில் ஷாம்பூவை அலசிவிட்டு, கையால் பம்ப் அடிக்கும் 5 லிட்டர் ஸ்ப்ரேயரில் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி, கூரையிலிருந்து கீழாக ஒருமுறை அடித்தால் சின்னக் காருக்குப் போதும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இன்னும் நல்லது. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. டிரேயின் தூசியும் பாசியும் கலந்திருக்கும், துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்து வைத்துக் கார் கழுவும் வீடுகள் நிறைய. முதல் அலசலுக்கும் சக்கரத்துக்கும் சரி, கடைசி அலசலுக்கு அது கூடவே கூடாது. உள்ளே போன தண்ணீரைவிட உப்பு அதிகமாகித்தான் அது வெளியே வருகிறது.

பானெட்டைத் தொட்டால் சுடுகிற நேரத்தில் கழுவவே வேண்டாம். காலை 8 மணிக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. வெயிலில்தான் முடியும் என்றால் ஒரு பகுதியைக் கழுவி, உலர்த்தி, அடுத்ததுக்குப் போங்கள்.

துடைக்கும் வேலையைக் குறைக்க இலவசமாக ஒரு வழி உண்டு. ஹோஸில் வருவது போர் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீர் அடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஹோஸ் முனையில் இருக்கும் ஸ்ப்ரே கன்னைக் கழற்றிவிட்டு, கூரையின் நடுவில் தண்ணீரை மெதுவாக வழிய விடுங்கள். வழிகிற நீர் துளிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மெழுகு இருக்கும் பெயின்டில் பெரும்பகுதி இப்படியே இறங்கிவிடும். துடைக்க வேண்டியது குறையக் குறையக் கீறலும் குறையும். கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. கழுவலில் போகாத மணல்துகள் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டினால் கோடு விழும். அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்தக் கோடுகள்தான் கறுப்புக் காரில் டியூப் லைட் வெளிச்சத்தில் சிலந்தி வலையாகத் தெரிகின்றன.

பழைய பனியன், குளிக்கும் டவல், வேட்டித் துண்டு எதுவும் வேண்டாம். ஷாமி துணி தண்ணீரை நன்றாக இழுக்கும், ஆனால் அதன் பரப்பு வழவழப்பு. மணலுக்கு ஒளிய இடமில்லை, அப்படியே பெயின்டில் தேய்படும். தண்ணீரை வழிக்கும் ரப்பர் பிளேடுக்கும் இதே குறை. கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெயின்டுக்கு வேண்டாம். சரியான தேர்வு உலர்த்துவதற்கென்றே வரும் மைக்ரோஃபைபர் டவல். முறுக்கிய நூல் வளையங்கள் கொண்ட ட்விஸ்ட் லூப் வகை, 60-க்கு 90 செ.மீ., 800 ஜி.எஸ்.எம்.-க்குக் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) குறையாமல். சின்ன கார் என்றாலும் இரண்டு வாங்குங்கள். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டி எறியுங்கள்.

எலும்பாகக் காய்ந்த டவல் முதலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். லேசாக நனைத்துப் பிழிந்தால் உடனே உறிஞ்சும். கூரையில் விரித்துப் போட்டு, இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கமாக மெல்ல இழுங்கள். கையை வைத்து அழுத்த வேண்டாம், டவலின் கனமே போதும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, பிறகு கதவின் மேல்பாதி. கதவின் கீழ்பாதிக்கும் பம்பருக்கும் இரண்டாவது டவல். சக்கரத்தைத் துடைத்த துணி மறுபடி பெயின்ட் பக்கம் வரவே கூடாது. டவல் தரையில் விழுந்தால் உதறிவிட்டுத் தொடராதீர்கள். அன்றைக்கு அதன் வேலை முடிந்தது.

இடுக்குகளுக்குப் புளோயர். வீட்டுத் தூசி தட்டும் 500, 600 வாட் புளோயரே போதும். சைடு மிரர் கூட்டுக்குள் தேங்கும் தண்ணீர், காரைக் கிளப்பியதும் கதவில் கோடாக வழியும். அங்கே முதலில் ஊதுங்கள். பிறகு கைப்பிடியின் பின்புறம், பெட்ரோல் மூடி, கிரில், லோகோ, வீல் நட். தரைக்கு அருகே பிடித்தால் மணலை உள்ளே இழுத்துப் பெயின்டில் வீசும். ஈரத் தரையில் ஒயர் கிடக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கட்டும். முழுக் காரையும் புளோயரால் மட்டுமே காயவைக்கப் பார்த்தால், ஊதி முடிப்பதற்குள் மறுபக்கம் கறை காய்ந்துவிடும்.

டவல்களைத் தனியாக, திரவ சோப்பில் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் கம்ஃபர்ட் வகைத் திரவம் இழைகளில் படிந்து உறிஞ்சலைக் கெடுத்துவிடும். நிழலில் காயட்டும், இஸ்திரி வேண்டாம்.

உடனே கவர் போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே புழுங்கும். கதவு ஓரங்களையும் டிக்கி பள்ளத்தையும் துடைத்துவிட்டு, தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்துங்கள். ஈர டிஸ்க் காய்ந்துவிடும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரவெல்லாம் விட்டால், காலையில் பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரம் ‘டக்’ என்று விடும்.