மாவுக்கட்டு

அக்டோபர் 9
பதினொரு நாள் ஆச்சு. கட்டுக்குள்ளே ஒரே அரிப்பு. துடைப்பக்குச்சியை விட்டுச் சொறிந்ததில் பாதி உள்ளேயே உடைந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 10
மறுபடியும் மாடிப்படிக் கனவு.

அக்டோபர் 12
தம்பி போனைக் கொடுத்துவிட்டு கிரவுண்டுக்குப் போனான். 2016இல் வந்த ‘ரேஸ்’. அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் கதை. காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தயப் படம் பார்க்கிறேன், என்னத்தைச் சொல்ல. 1936 பெர்லின் ஒலிம்பிக், ஹிட்லர், நாலு தங்கம் எல்லாம் பி.டி. சார் அப்போதே சொன்னதுதான். முந்தின வருஷக் கதைதான் தெரியாது. அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனை, நான்காவதில் சமன். அதுவும் அடிபட்ட முதுகோடு! அன்றைக்கு நீளம் தாண்டிய 8.13 மீட்டர் 25 வருஷம் அப்படியே நின்றதாம்.

அப்புறம் அந்தக் கரண்டி. அப்போது ஒலிம்பிக்கில் ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது. ஓடுகிறவனே சின்னக் கரண்டியால் தரையில் குழி தோண்டிக் கால் பதிக்க வேண்டும். நைனாவின் கரண்டி இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது, பிடியில் சிமெண்ட் காய்ந்தபடி.

அக்டோபர் 13
மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை.

அக்டோபர் 14
படத்தில் வந்த அந்த லிஃப்ட் மண்டையை விட்டுப் போகவில்லை. ஓவன்ஸ் ஊர்வலம் வைத்து வரவேற்ற ஆள். விருந்தும் அவருக்காகத்தான், நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியாவில். ஆனால் சரக்கு லிஃப்டில்தான் மேலே போக வேண்டும்.

எனக்குத் தெரியும் அந்த லிஃப்ட். சுற்றி பிளைவுட் அடித்திருக்கும். குப்பை வாளி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, சி பிளாக் நாய், நான். அன்றைக்கு அது ஓடவில்லை. கண்ணாடி வைத்த லிஃப்ட் பக்கத்திலேயே காலியாக நின்றது. “கேமரா இருக்குப்பா” என்றார் வாட்ச்மேன் அண்ணன். ஒன்பதாவது மாடி. சாம்பார் கொட்டிவிடக்கூடாதே என்று பையைத்தான் பிடித்தேன்.

அக்டோபர் 15
தம்பியோடு சண்டை. கடைசி நேரத்தில் இரண்டு யூதப் பையன்களைத் தொடர் ஓட்டத்திலிருந்து தூக்கிவிட்டுத்தான் ஓவன்ஸையும் இன்னொரு கறுப்பின ஓட்டக்காரர் மெட்காஃபையும் இறக்கினார்கள். நாலாவது தங்கம் அப்படி வந்தது. எனக்கு அது உறுத்துகிறது. “அவங்களையே ஓட விடுங்கன்னுதானேண்ணா அவரு சொன்னாரு?” என்கிறான். சொன்னார்தான். ஓடவும் ஓடினார்.

அக்டோபர் 16
தம்பியின் செலக்‌ஷன் ஃபாரத்தை எதேச்சையாகப் பார்த்தேன். முகவரியில் அம்பத்தூர் மாமா வீடு. கேட்டதற்கு, “வியாசர்பாடின்னு போட்டா ஒரு மாதிரி பாக்குறாங்கண்ணா” என்றான், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. நான் எதுவும் சொல்லவில்லை. போன வேலைக்கு நானும் பெரம்பூர் என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 17
அம்மாவிடம் கரண்டியை இறக்கச் சொன்னேன். “எதுக்குடா?” என்றாள். தெரியவில்லை.

அக்டோபர் 19
நாளைக்கு எக்ஸ்ரே. மூன்றாவது மாடியாம். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன்.