டியூக்ஸ்பரியில் ஒரு காலிக் கல்லறை

இங்கிலாந்தின் செல்டனமிலிருந்து பஸ் பிடித்து டியூக்ஸ்பரி போனேன். செவர்ன் ஆறும் ஏவான் ஆறும் கூடுகிற ஊர். இறங்கியதும் தேவாலயத்தின் சதுரக் கோபுரம்தான் கண்ணில் படும். நான் தேடிப் போனது உள்ளே இருக்கும் ஒரே ஒரு கல்லறையை.

பலிபீடத்தைச் சுற்றிச் செல்லும் நடையில் இருக்கிறது இளைய ஹியூ டெஸ்பென்சரின் நினைவிடம். கல்லில் குடைந்த சின்னச் சின்ன மாடங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஒன்றில்கூடச் சிலை இல்லை. கீழே இருக்கும் கல்பெட்டியும் அவருடையதல்ல. பிற்காலத்து மடத்தலைவர் ஒருவருடையது.

பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டின் செல்லப்பிள்ளையாக இருந்த பிரபு ஹியூ. 1318-இல் கார்டிஃபில் லெவலின் பிரென் என்ற வேல்ஸ் தலைவரை, அரசாணைகூட இல்லாமல், தூக்கிலிட்டு வெட்டிக் கூறுபோட்டவர். 1322 உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் ஜெயித்தபின், விதவைகளின் நிலத்தைக்கூட விடவில்லை. 1326-இல் மன்னருக்கு எதிராக ராணி இசபெல்லாவும் மார்ட்டிமர் என்ற பிரபுவும் படையோடு வந்திறங்க, நிலைமை தலைகீழானது. நவம்பர் 24 அன்று ஹெரஃபோர்டில், ஐம்பது அடித் தூக்குமரத்தில், லெவலினுக்கு நேர்ந்த அதே முடிவு. தலை லண்டன் பாலத்துக்கு. உடலின் நாலு துண்டுகள் நாலு ஊருக்கு.

அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. மனைவி எலினோரை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. கணவன் செத்தபின் அவளும் சிறையில் கிடந்தாள். மூன்று பெண் குழந்தைகளை வலுக்கட்டாயமாகக் கன்னிமாடத்தில் சேர்த்துவிட்டார்கள். எலும்புகளை எடுத்துப் புதைக்க அனுமதி கிடைத்ததே 1330 டிசம்பரில்தான். நாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் தொங்கியதில் அவள் கைக்கு வந்தது தலை, ஒரு தொடையெலும்பு, சில முள்ளெலும்புகள்.

மிச்சம் எங்கே? ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பக்கம் ஹல்ட்டன் மடத்தில் 1970-களில் தோண்டியபோது, வெட்டிக் கூறுபோடப்பட்ட ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. இங்கே வந்து சேர்ந்த அந்த எலும்புகள்தான் அங்கே குறைகின்றன. அது ஹியூதான் என்று 2008-இல் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் மேரி லூயிஸ் வாதிட்டார். அந்த மடம், ஹியூவின் சகலை பிறந்த ஆட்லி குடும்பத்துடையது. நான் அதை நம்புகிறேன்.

கிளம்பும்முன் அண்ணாந்து பார்த்தேன். உயரத்து ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியில் கவசமணிந்த வீரர்கள். அந்த ஜன்னல்கள் எலினோர் கொடுத்தவை என்கிறார்கள். ஒருவரின் மேலங்கியில் டெஸ்பென்சர் சின்னம்: வெள்ளையும் சிவப்புமாக நாலு கட்டம், குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. தலைமுதல் கால்வரை, முழு உடம்போடு நிற்கிறார்.